பக்கத்து சீட்டு பிரேக்

பிரேக் அக்கா என்று சொன்னால்தான் அந்த வட்டாரத்தில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. அது வங்கிப் பாஸ்புக்கில் பத்திரமாக இருக்கிறது. வேறு யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், மற்றொன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில். ஸ்டியரிங், கியர், ஹாரன், கௌரவம் எல்லாம் கற்றுக்கொள்கிறவருக்கு. அந்த ஒற்றை பிரேக்கும் உயிர்பயமும் மட்டும் சொல்லிக்கொடுக்கிறவருக்கு. பன்னிரண்டு வருஷமாக அவள் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ பேருடைய உயிரை, கூடவே தன்னுடையதையும், ஒரு காலால் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஒருமுறை, கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் ஒருவர் நோயாளியிடம் பேசுகிற அதே இதமான குரலில் "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே விளக்குக் கம்பத்தை நோக்கிப் போனார். கம்பம் நகர்வதாக இல்லை. டாக்டரும் திரும்புவதாக இல்லை. அவள்தான் நடுவில் பிரேக்கை மிதித்துச் சமாதானம் செய்துவைத்தாள்.

பழக்கம் காலோடு ஊறிவிட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் கார் வேகமாக வந்தால் அவள் வலது கால் தரையை மிதிக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதும் அப்படித்தான். முன்னால் நின்றவர் பாதத்தை மிதித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஆமாம், பஸ்தான். ஊரெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்கு பஸ்ஸில்தான் போவாள். கேலி செய்யாதவர்கள் கிடையாது. "ஊருக்கெல்லாம் கார் கத்துக்குடுக்கறீங்க, நீங்க மட்டும் பஸ்ல தொங்கறீங்களே?" என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவங்க எல்லாம் அங்கேயேவா படுத்துக்கறாங்க?" என்பாள். கேட்டவர் யோசிப்பதற்குள் அவளுடைய நிறுத்தம் வந்துவிடும்.

கார் வாங்கியவர்கள் கதை அவளுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. கற்றுக்கொள்ள வருகிறபோது எல்லாருமே பெட்ரோல் ஒன்றைத்தான் செலவு என்று நினைத்திருப்பார்கள். ஒரு வருஷம் கழித்துத் தெருவில் பார்த்தால், இன்ஷூரன்ஸ், டயர், பேட்டரி, வேலை செய்யும் இடத்தில் நிறுத்தக் கட்டணம், எவனோ கீறிவிட்டுப் போன கதவு என்று அழாத குறையாகச் சொல்வார்கள். யானையைக் கட்டித் தீனி போடுகிறவன் முகம் எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவளிடம் கற்றுக்கொண்ட துணிக்கடைக்காரர் ஒருவர் உச்சம். வீட்டு வாசலில் கிடைத்த இடம் போய்விடும் என்று பயந்து காரை எடுக்கவே மாட்டார். எங்கு போவதானாலும் நடைதான். போகும்போது காரைத் துடைத்துவிட்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார். கடன் அடைந்துகொண்டிருந்தது, கார் நின்றுகொண்டிருந்தது.

இத்தனையும் தெரிந்த வீட்டிலேயே ஒருவருக்குக் கார் பைத்தியம். அவளுடைய கணவருக்குத்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் இவரைக் கூப்பிடுவார்கள். "நானும் பஸ் டிரைவர் மாதிரிதான். என்ன, என் ரூட் மேலயும் கீழயும் போகும்" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். அவர்கள் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட் மட்டும் மாதத்தில் பாதி நாள் ஓடாது. அதைக் காசு வாங்காமல் பழுதுபார்ப்பார் என்று எதிர்வீடு, மேல்வீடு எல்லாம் எதிர்பார்த்தன. அவரும் முணுமுணுத்துக்கொண்டே பார்த்துத் தொலைப்பார். கார் வாங்குவதற்கென்று வங்கியில் தனிக் கணக்கு வைத்திருந்தார். ஓவர்டைம் பணமெல்லாம் அதில்தான் போய் விழும்.

அவர் ஆசையை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளியில் விழுந்து மணிக்கட்டு முறிந்துபோயிற்று. கொட்டுகிற மழை. வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வந்த பஸ்ஸில் ஈ நுழைய இடமில்லை. இடிபடாமல் இருக்கவேண்டுமென்று குழந்தையின் கையைத் தன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நின்றபடியே வந்தார் மனிதர். அன்றைக்கு இறங்கியவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கார் வாங்கறேன் பாரு" என்பதுதான்.  

அப்படி இருக்கும்போதுதான் நகரத்தில் புதிய பஸ் தடம் வந்தது. பெரிய சாலையின் நடுவில் பஸ்ஸுக்கென்றே தனியாக ஒரு தடம் ஒதுக்கி, இரண்டு பக்கமும் கட்டை வைத்துவிட்டார்கள். கார்கள் பம்பரோடு பம்பர் உரசி நிற்க, நடுவில் பஸ் தன்பாட்டுக்குப் போகும். ஒன்று போனால் கையோடு இன்னொன்று வரும். கண்ணாடிக்குள் ஏசி போட்டு உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கள், தங்களுக்கு முன்னால் தங்கள் வீட்டு வேலைக்காரம்மா போய்ச் சேர்வதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். கதை சொல்கிற எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான். மறைப்பானேன்.

ஆனால் டிரைவிங் ஸ்கூலில் ஆள் குறைந்தது. மூன்று கார்களில் இரண்டு வாசலிலேயே வெயில் காய்ந்தன. முதலாளி கெட்டவர் இல்லை. வாடகை கொடுக்கவேண்டும், சம்பளம் போடவேண்டும். மனிதருக்கு இரவில் தூக்கம் போய்விட்டது. அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வர்றவங்களை விட்டுடாதேம்மா. கார் இருந்தாத்தான் மரியாதை, பஸ்ஸெல்லாம் நாலு நாள் கூத்துன்னு எடுத்துச் சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

"சரி சார்" என்று சொன்னாள். வேலை அவளுக்கும் வேண்டியிருந்தது. மகள் கல்லூரிக்குப் போகிற வருஷம் அது.

அந்த வாரம் வந்தவள்தான் பேக்கரிப் பெண். பெரிய பேக்கரி ஒன்றில் ரொட்டிகளைப் பாக்கெட் போடுகிற வேலை. இருபத்தைந்து வயதிருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை வியர்த்து வழுக்கும். எதிரில் சைக்கிள் வந்தாலும் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரே பாடத்தில் பிரேக் அக்காவின் கால் அத்தனை முறை வேலை செய்தது வேறு யாரிடத்திலும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கால்விரலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று.

"ஏம்மா, உனக்கு ஓட்டணும்னு ஆசையா, போகணும்னு ஆசையா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"ஓட்ட யாருக்குக்கா ஆசை? எனக்குக் காலையில நேரத்துக்கு வேலைக்குப் போகணும். ரெண்டு பஸ் மாறி, நடந்து, தினமும் லேட்டு. இன்னொரு தடவை லேட்டானா வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதான் கடன் போட்டுக் கார் எடுக்கலாம்னு எங்க மச்சான் சொன்னாரு. வர்ற வாரம் கையெழுத்து."

"புது பஸ்ல போய்ப் பார்த்தியா?"

"அது பெரிய ரோட்டுலதானே போகுது? எங்க பேக்கரி உள்ள இருக்குக்கா."

பிரேக் அக்காவுக்கு வாயைக் கட்டமுடியவில்லை. முதலாளி சொன்னது நினைவுக்கு வராமலும் இல்லை. பேக்கரியின் பின்பக்கம் கேட் ஒன்று இருப்பதும், லாரிகள் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த கேட்டிலிருந்து பெரிய சாலை கூப்பிடு தூரம். சொன்னால் இந்தப் பெண்ணுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தாள். அப்போது அவள் செய்ததை உலகத்தில் வேறு எந்த டிரைவிங் ஆசிரியரும் செய்திருக்கமாட்டார்.

"அந்த நிறுத்தத்துப் பக்கத்துல ஓரமா நிறுத்து. பார்த்து, பார்த்து. சரி, இறங்கு. இன்னிக்குப் பாடம் பஸ்ல."

கற்றுக்கொள்பவர் வண்டி என்று முன்னும் பின்னும் பெரிய எழுத்தில் போர்டு மாட்டிய காரை நிறுத்தத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தது. பேக்கரிப் பெண் முதல் தடவையாக அந்தச் சாலையைக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தாள். எப்போதும் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கை மட்டுமே பார்த்திருந்த பெண்ணுக்குக் கடைகளும் மரங்களும் மாடிகளில் காய்கிற துணிகளும் தெரிந்தன. கார் கடன் எவ்வளவு, பஸ்ஸுக்கு மாதம் எவ்வளவு என்று இரண்டு பேரும் விரல்விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் கூட்டிக்கழித்துப் பார்த்த பெண், நம்பாமல் முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினாள். இறங்கிப் பின்பக்கக் கேட் வழியாக எட்டிப்பார்த்தால், அவள் பாக்கெட் போடுகிற மேஜையே தெரிந்தது.

"அக்கா, மூணு வருஷமா வேலை பார்க்கறேன். இந்தப் பக்கம் ஒரு வழி இருக்கறதே தெரியாதுக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை வியர்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்து பஸ்ஸைப் பிடித்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். காருக்குப் பக்கத்தில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தன் ஸ்கூல் கார் ஆளில்லாமல் நிற்பதைப் பார்த்து, விபத்தோ என்னவோ என்று பதறி ஓடிவந்தவர், விபத்து தன் தொழிலுக்குத்தான் நேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டார். பேக்கரிப் பெண் நைசாக நழுவிவிட்டாள்.

"கார் ஓட்டக் கத்துக்க வந்தவளை, என் கார்லயே ஏத்திக்கிட்டு வந்து, என் பெட்ரோல்லயே, பஸ் ஏத்தி விட்டிருக்கே" என்றார். கோபத்தைவிட நம்பமுடியாமைதான் அதிகம் இருந்தது.

"தப்புதான் சார். ஆனா அந்தப் பொண்ணுக்கு ஓட்ட வராது சார். கடனும் வாங்கிட்டு, வேலையும் போய்..."

"அது அவ தலைவலி. நீ யாரு அவளுக்குப் பஞ்சாங்கம் பார்க்க? நான் ஒண்ணு கேக்கறேன். ஒருநாள் திடீர்னு பிள்ளைக்கு முடியலைன்னா உன் பஸ் வீட்டு வாசலுக்கு வருமா?"

மழையும், மகளின் கையும், கணவர் தூக்கிப் பிடித்திருந்த கோலமும் அவள் கண்முன்னால் வந்தன. "வராது சார்" என்று உண்மையைச் சொன்னாள். முதலாளி அந்த மாதச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தார். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றும் சொன்னார். இரண்டையும் சங்கடப்பட்டுக்கொண்டேதான் செய்தார்.

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், பக்கத்து சீட்டில் உட்கார்வதைத் தவிர வேறு தொழில் தெரியாதவள், எங்கே போய் என்னவென்று வேலை கேட்பாள்? வேறு இரண்டு டிரைவிங் ஸ்கூல்களில் கேட்டாள். இருக்கிறவர்களுக்கே வேலையில்லை என்று கையை விரித்தார்கள். போகவர பஸ்ஸில் உட்கார்ந்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தபோது, எதிரே ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. புதிய தடத்துக்கு ஓட்டுநர்கள் தேவை. பெண்களும் விண்ணப்பிக்கலாம். கனரக வண்டிப் பயிற்சியைச் சொந்தச் செலவில் முடித்து, தேர்வில் தேறவேண்டும். செலவு எவ்வளவு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். வீட்டில் அவ்வளவு பணம் இருந்தது ஒரே இடத்தில்தான்.

சாப்பிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். லிஃப்ட் மெக்கானிக் வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தார். வாயில் ஒன்றும் இல்லை.

"தவறிப்போனா?" என்று கேட்டார்.

"பணம் போச்சு. காரும் போச்சு."

"கார் எங்க போகும், இன்னும் வரவே இல்லையே." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அஞ்சு பேர் உட்கார்ற வண்டிக்குத்தான் காசு சேர்த்தேன். அம்பது பேர் உட்கார்ற வண்டி வருதுன்னா வேண்டாம்னா சொல்லப்போறேன்? எடுத்துக்கோ."

சொல்லிவிட்டார். ஆனால் அந்த வாரம் தெருவில் போகிற கார்களை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவள் கவனிக்காமல் இல்லை.

பயிற்சியில் எல்லாவற்றிலும் அவள்தான் முதல். சாலை விதியா, தலைகீழாகச் சொல்வாள். கண்ணாடி பார்ப்பதா, கழுத்தே கண்ணாடிக்குப் பழகிய கழுத்து. மனிதர்கள் எங்கே முட்டாள்தனமாகக் குறுக்கே வருவார்கள் என்பது அவர்களுக்கே தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரியும். பயிற்சி கொடுத்த இளைஞர், "அக்கா, நீங்க வந்து பாடம் எடுங்க, நான் உட்கார்ந்துக்கறேன்" என்று கேலி செய்வார். வெறும் மைதானத்தில் அந்தப் பெரிய வண்டியைக் கையில் வைத்துத் திருப்பி, கோட்டைத் தொடாமல் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். தேர்வு நாளன்று அவளுக்குப் பயமே இருக்கவில்லை.

தேர்வு ஊருக்குள், நிஜ நெரிசலில். ஐந்து சாலைகள் வந்து சேர்கிற ரவுண்டானா ஒன்று உண்டு. அங்கே வந்து நிறுத்தினாள். நிறுத்தினது சரிதான். வலப்பக்கம் லாரி வந்தது, காத்திருந்தாள். அதுவும் சரிதான். லாரி போயிற்று. சாலை காலியாகக் கிடந்தது. "இப்ப போ, இடம் இருக்கு, மெதுவா எடு" என்று தெளிவாக, அன்பாக, வாய்விட்டுச் சொன்னாள். வண்டி நகரவில்லை. "போம்மா, பயப்படாதே" என்று இன்னொரு முறையும் சொன்னாள். பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. தேர்வு அதிகாரி பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"யாரைம்மா போகச் சொல்றீங்க?"

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவள் சொல்ல, வேறு யாரோ ஓட்டியிருந்தார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நிறுத்துவது மட்டும்தான். நெரிசலுக்குள் வந்ததும் புத்தி தன் பழைய சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, இல்லாத மாணவிக்காகக் காத்திருந்திருக்கிறது.

தவறிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை தேர்வுக்குப் போகலாம். அதிலும் தவறினால் வேலை இல்லை. கட்டிய பணமும் திரும்பி வராது.

வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்க நின்றாள். தேய்த்ததையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். கணவர் பக்கத்தில் வந்து துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். தெரிந்தது லிஃப்ட் ஒன்றுதான். அதனால் அதைப் பற்றியே பேச ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஒரு கட்டடத்துல லிஃப்ட் மாட்டிக்கிச்சு. உள்ள இருந்த ஆள் என்னைத் திட்டறார், பிரேக் பிடிக்காம விழுந்துட்டா என்னய்யா பண்ணுவேன்னு. யாருக்குமே தெரியறதில்லை. லிஃப்ட்ல பிரேக் எப்பவும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். கரண்ட் போனாலும் பிடிக்கும், கெட்டுப்போனாலும் பிடிக்கும். ஸ்பிரிங்கு சும்மாவே அழுத்திக்கிட்டு நிக்கும். நகரணும்னா கரண்ட் வந்து அதை விலக்கணும். பிடிக்கறதுக்கு ஒண்ணும் வேண்டாம். விடறதுக்குத்தான் கரண்ட் செலவு."

அவள் கையிலிருந்த பாத்திரம் அப்படியே நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"பிரேக்கு. விடறதுக்குத்தான் கரண்ட் வேணும்னேன். ஏன், தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?"

"இல்லை" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இத்தனை நாளா எதிர்ல வர்றவனை நம்பாம இருக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. என்னையே நம்பாம இருக்கவும் பழகிட்டேன் போலிருக்கு."

"என்னை நம்பித்தானே பணம் எடுத்தே?" என்றார் அவர்.

"நீங்க என்னை நம்பிக் குடுத்தீங்க. அது வேற."

அவருக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் நல்லதாக ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்து, பாத்திரத்தை இன்னும் பலமாகத் துடைத்தார்.

மறுநாள் காலையில் பயிற்சி இளைஞரிடம் போய், "தம்பி, என் பக்கத்துல நிக்காதீங்க. கடைசி சீட்டுல போய் உட்காருங்க. நான் என்ன பண்ணினாலும் வாயைத் திறக்காதீங்க" என்றாள். அவர் பின்னால் போய், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் நேராக அந்த ரவுண்டானாவுக்கே போனாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. எட்டிப்பார்க்கிற சைக்கிள்காரருக்கு வழி விட்டாள். முந்தப்பார்த்த காருக்கு விடவில்லை. ஒவ்வொரு தடவையும் இடம் தெரிந்தவுடன் காலை எடுத்தாள், வண்டி போயிற்று. வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு யாருமில்லை, போகவேண்டியது தான்தான். அன்று முழுக்க அதையே சுற்றினாள். பயிற்சி இளைஞருக்குத் தலைசுற்றல் வந்து, இறங்கியபின் சற்று நேரம் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது தேர்வில் அதே அதிகாரி, அதே ரவுண்டானா. லாரி வந்தது, காத்திருந்தாள். போயிற்று. அதிகாரி பேனாவைத் திறப்பதற்குள் அவள் மறுபக்கம் போய்ச் சேர்ந்து, நிறுத்தத்தில் ஒட்டினாற்போல் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். உண்மையிலேயே ஒரு பெரியவர் ஏற வந்துவிட்டார். அவரைத் தேர்வு வண்டி என்று சொல்லித் திருப்பி அனுப்ப அதிகாரிதான் சிரமப்படவேண்டியிருந்தது.

வேலையில் சேர்ந்து முதல் நாள், முதல் நடை. காலை வெளிச்சம் அப்போதுதான் கட்டடங்களின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதல் நிறுத்தத்திலேயே கருவிப் பையோடு லிஃப்ட் மெக்கானிக் நின்றிருந்தார். வழக்கமாக அவர் போவது வேறு பஸ். தலையை நன்றாக வாரி, கல்யாணத்துக்குப் போகிறவர் போல வந்திருந்தார். ஏறியதும் டிக்கெட் கார்டை இயந்திரத்தில் தட்டினார். அவளைத் தெரியாதவர்போல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளுடைய கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே பக்கத்தில் இருந்த நர்ஸ் அம்மாவிடம், "ஓட்டறது எங்க வீட்டுல" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவும் மரியாதைக்குத் தலையாட்டினாள். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, வழி முழுக்கக் கண்காணிக்கப்போகிறவர் போலச் சாலையைப் பார்க்கத் தொடங்கினார்.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் ஏறினார்கள். இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. நடுவில் அவள் போய்க்கொண்டிருந்தாள். ரவுண்டானா வந்தது, போயிற்று. வண்டிக்குள் பேச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்ததை அவள் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தாள். ஏதோ கோளாறோ என்று தலைக்கு மேலிருந்த நீளக் கண்ணாடியைப் பார்த்தாள்.

தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் தலை சாய்த்த ஒருவருக்கு வாய் திறந்திருந்தது. சீருடை போட்ட பையன் ஒருவன் தன் பையின்மீதே கவிழ்ந்திருந்தான். கைக்குழந்தையோடு இருந்தவள், குழந்தைக்கு முன்னால் தூங்கிப்போயிருந்தாள். கண்காணிக்க வந்த லிஃப்ட் மெக்கானிக் கருவிப் பையைக் கட்டிப்பிடித்தபடி நர்ஸ் அம்மாவின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர்கூடத் தோளைத் தளர்த்தி மூச்சு விட்டதில்லை. அவளும் விட்டதில்லை. இன்றைக்கு முன்பின் தெரியாத ஒரு வண்டி நிறைய மனிதர்கள், ஓட்டுவது யார் என்றுகூடப் பார்க்காமல், தங்கள் உயிரை அவள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இவ்வளவு பெரிய மரியாதை யாரும் அவளுக்குச் செய்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் கண் நிறைந்தது. ஓட்டும்போது கண் மறைக்கக்கூடாது என்று, பட்டென்று ஒரு கையால் துடைத்துக்கொண்டாள்.

அவர் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. மைக்கை எடுத்து, "லிஃப்ட் வேலைக்குப் போறவங்க இறங்கலாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அவர் அடித்துப்பிடித்து எழுந்தார்.

"தூங்கலைம்மா. சும்மா கண்ணை மூடியிருந்தேன்."

"ஆமாமா, என் தோளுக்குத் தெரியும்" என்றாள் நர்ஸ் அம்மா.

அவர் வெட்கத்தோடு மனைவியைப் பார்த்தார். அவள் சீட்டின் முதுகில் ஒருதரம் தட்டிவிட்டு இறங்கிப்போனார். அவள் கதவை மூடி, கண்ணாடியில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, யாரும் விழித்துக்கொள்ளாதபடி வண்டியை மெல்ல எடுத்தாள்.